"எனக்கு எல்லா மாணவரும் ஒன்றுதான்" என்று சொல்லும் பேராசிரியருக்கு யார் பாடம் எடுப்பது?

2026 ஜனவரி 13 அன்று, உயர்கல்வி நிறுவனங்களில் சமத்துவத்தை மேம்படுத்துவதற்கான புதிய ஒழுங்குமுறையைப் பல்கலைக்கழக மானியக் குழு அறிவித்தது. ரோகித் வெமுலாவின் தாயும் பாயல் தத்வியின் தாயும் 2019-ல் உச்ச நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கின் அழுத்தம் அதன் பின்னால் இருந்தது. உடனே பொதுப்பிரிவு மாணவர்கள் வீதிக்கு வந்தார்கள். ஜனவரி 29 அன்று உச்ச நீதிமன்றம் அதை நிறுத்தி வைத்தது. 2012-ஆம் ஆண்டின் பழைய ஒழுங்குமுறையே தொடரும் என்றது.

இடைப்பட்ட பதினாறு நாட்களில் என்ன பேசினோம்? புகார், விசாரணைக் குழு, தண்டனை, 'பொய்ப் புகார்' பற்றிய கூச்சல். எல்லாமே சாதி இழிவு நடந்து முடிந்த பிறகு என்ன செய்வது என்ற பேச்சுதான். அது நடக்கும் இடத்தில், கரும்பலகைக்கு முன்னால் நிற்கும் ஆசிரியருக்குச் சாதியைப் பற்றி யார் என்ன சொல்லிக்கொடுத்தார்கள் என்ற கேள்வி எங்கும் பெரிதாக எழவில்லை.

நான் பேராவூரணி வட்டத்தில் ஒரு கடைமடைக் கிராமத்தின் சேரியில் பிறந்து வளர்ந்த முனைவர் பட்ட ஆய்வாளர். கல்லூரி வகுப்பறையும் சாதியும் என் ஆய்வுப் பொருள். கொரோனா காலத்தில் இணையவழியில் வகுப்பு எடுத்திருக்கிறேன். கல்லூரி ஆசிரியர்களுக்கான பயிற்சி வகுப்புகள் சிலவற்றில் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். இவற்றிலிருந்து நான் வந்து சேர்ந்த முடிவு இதுதான்: சாதியைப் பெயர் சொல்லிப் பேசாத 'உள்ளடக்கிய கல்வி'ப் பயிற்சி, சாதியைக் கண்டும் காணாமல் இருக்கவே ஆசிரியரைப் பழக்குகிறது. அந்தப் பயிற்சியை மாற்றும்படி கேட்பது நம் இயக்கத்தின் வேலைகளில் ஒன்றாக வேண்டும்.

பயிற்சி என்ற பெயரில் நடப்பது

ஒன்றாம் வகுப்புக்குப் பாடம் எடுக்க வேண்டுமானால் இரண்டு ஆண்டு பட்டயப் படிப்பும் தகுதித் தேர்வும் வேண்டும். ஒன்பதாம் வகுப்புக்கு பி.எட். வேண்டும். கல்லூரியில் பாடம் எடுக்க முதுகலைப் பட்டத்தோடு நெட், செட் அல்லது முனைவர் பட்டம் இருந்தால் போதும். கற்பிப்பது எப்படி என்று ஒரு நாள்கூடப் படிக்காமல் ஒருவர் உதவிப் பேராசிரியராகிவிடலாம். ஆய்வாளர்கள் அனைவரும் கற்பித்தல் பயிற்சி பெற வேண்டும் என்று 2022-ஆம் ஆண்டின் முனைவர் பட்ட ஒழுங்குமுறை சொல்கிறது. நடைமுறையில் பல துறைகளில் அதன் பொருள், நெறியாளர் வராத நாளில் அவருடைய வகுப்பைப் பார்த்துக்கொள்வது என்பதுதான்.

வேலைக்குச் சேர்ந்த பிறகு பயிற்சி உண்டு. 1986-ன் தேசியக் கல்விக் கொள்கையை ஒட்டி, 1987 முதல் பல்கலைக்கழகங்களில் கல்வியாளர் பணியாளர் கல்லூரிகள் தொடங்கப்பட்டன. 2015-ல் அவை மனிதவள மேம்பாட்டு மையங்கள் ஆயின. 2023-ல் மாளவியா மிஷன் ஆசிரியர் பயிற்சி மையங்கள் ஆகிவிட்டன. 111 மையங்கள், 15 லட்சம் ஆசிரியர்கள் என்பது அறிவிக்கப்பட்ட இலக்கு. புதிதாகச் சேரும் ஆசிரியர்களின் அறிமுகப் பயிற்சிக்கு யு.ஜி.சி. 2019-ல் வெளியிட்ட கையேட்டின் பெயர் 'குரு தக்‌ஷதா'. ஏகலைவனின் கட்டைவிரல் கதையைக் கேட்டு வளர்ந்த நமக்கு அந்தப் பெயரைப் படிக்கும்போது கை கூசுகிறது.

தேசியக் கல்விக் கொள்கையை விளக்குவதற்காக மாளவியா மிஷன் இணையவழியில் நடத்தும் பயிற்சிக்கு எட்டுத் தலைப்புகள். மாணவர் பன்முகத்தன்மையும் உள்ளடக்கிய கல்வியும் அதில் ஒன்று. தகவல் தொழில்நுட்பம் இன்னொன்று. இந்திய அறிவு மரபு மற்றொன்று. பார்த்தால் நிறைவாகத்தான் இருக்கிறது. ஆனால் தேசியக் கல்விக் கொள்கையின் மொழியில் நம் மாணவர்களுக்கு வைத்திருக்கும் பெயர், 'சமூக-பொருளாதார ரீதியில் பின்தங்கிய குழுக்கள்'. பெண்கள், பட்டியலினத்தவர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர், சிறுபான்மையினர், மாற்றுத்திறனாளிகள், கிராமத்தார், புலம்பெயர்ந்தோர் எல்லோரும் அந்த ஒரே குடையின் கீழ். ஒவ்வொருவருக்கும் நேரும் அநீதிக்கு ஒரு வரலாறும் அதைச் செய்யும் ஒரு கையும் உண்டு. 'பின்தங்கியவர்' என்று சொல்லிவிட்டால் அந்தக் கை மறைந்துவிடுகிறது. ஏதோ இவர்களே மெதுவாக நடந்து பின்னால் தங்கிவிட்டது போல!

நான் கேட்ட பயிற்சி உரைகளில் பன்முகத்தன்மை என்றால் மெதுவாகக் கற்பவர், வேகமாகக் கற்பவர் என்ற பிரிவுதான் வந்தது. பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்கான மென்பொருள் பற்றி ஓர் உரையில் நன்றாகச் சொன்னார்கள். அது மிகவும் தேவையானது, இன்னும் விரிவாகவே வேண்டும். ஆனால் 'சாதி' என்ற சொல்லை ஒருவரும் எடுக்கவில்லை. கேள்வி நேரத்தில் நான் எடுத்தபோது, 'அது சென்சிட்டிவான விஷயம்' என்று சொல்லி அடுத்த படவில்லைக்குப் போய்விட்டார்கள்.

இத்தனைக்கும் பாடம் ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கிறது. 2012-ஆம் ஆண்டின் ஒழுங்குமுறையை எடுத்துப் படித்துப் பாருங்கள். மாணவர்களின் சாதிப் பெயரை வகுப்பில் அறிவிப்பது பாகுபாடு. ஒருவரை 'ரிசர்வ்டு கேட்டகிரி' என்று முத்திரை குத்துவது பாகுபாடு. மதிப்பெண் குறைந்ததற்குச் சாதியைக் காரணமாகச் சொல்லிப் பேசுவது பாகுபாடு. ஆசிரியரைச் சந்திக்க ஒருவருக்குக் குறைந்த நேரமும் இன்னொருவருக்கு அதிக நேரமும் ஒதுக்குவது பாகுபாடு. ஆய்வகத்துக்குள் விட்டுவிட்டு வேலை செய்ய விடாமல் சும்மா நிறுத்தி வைப்பது பாகுபாடு. இதை எழுதியவர்களுக்கு வகுப்பறை தெரிந்திருக்கிறது. வட்டார வழக்கில் ஆசிரியர்கள் சாதாரணமாகச் செய்யும் காரியங்களை ஒவ்வொன்றாகப் பட்டியலிட்டிருக்கிறார்கள். இந்த ஆவணத்தைக் கையில் கொடுத்து, 'இதில் எதெல்லாம் உங்கள் கல்லூரியில் நடக்கிறது?' என்று கேட்ட ஒரு பயிற்சியை நான் இதுவரை பார்த்ததில்லை.

உயர்கல்வி நிறுவனங்களில் சாதிப் பாகுபாடு பற்றிய புகார்கள் 2019-20-ல் 173, 2023-24-ல் 378. இது யு.ஜி.சி.யே கொடுத்த கணக்கு. புகார் கொடுக்கத் துணிந்தவர்களின் கணக்கு மட்டும்தான் இது என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

வாட்ஸ்அப்பில் வந்த பட்டியல்

2020 மார்ச்சில் கல்லூரிகள் மூடப்பட்டன. அதன் பிறகு ஆசிரியர்களுக்கு நடந்த பயிற்சிகளை நினைத்துப் பார்க்கிறேன். ஜூம் எப்படி இயக்குவது, கூகுள் படிவத்தில் தேர்வு வைப்பது எப்படி, கூகுள் மீட்டில் திரையைப் பகிர்வது எப்படி. வாரம் ஒரு வெபினார், வெபினார் முடிந்ததும் மின் சான்றிதழ். அந்தச் சான்றிதழ்களை அடுக்கி வைத்தால் ஒரு பீரோ நிறையும். கருவியை இயக்கச் சொல்லிக்கொடுத்தார்கள். அந்தக் கருவி யார் வீட்டுக்குள் போய் என்ன செய்யும் என்று சொல்லிக்கொடுக்கவில்லை.

எங்கள் பகுதியைச் சொல்கிறேன். 2018 நவம்பர் 16-ல் கஜா புயல் தென்னையைச் சாய்த்துவிட்டுப் போனது. தோப்பு வைத்திருந்தவருக்கு மரத்துக்கு இவ்வளவு என்று நிவாரணக் கணக்கு இருந்தது. அந்தத் தோப்பில் தேங்காய் உரித்தவர்களும் மட்டை முடைந்தவர்களும் கூலியை இழந்தார்கள். அதற்குக் கணக்கே இல்லை. அந்தக் கடன் அடையாத வீடுகளில்தான் 2020-ல் 'ஸ்மார்ட்போன் வாங்கு' என்று கல்லூரி சொன்னது. அண்ணன், தங்கை, அக்கா மூன்று பேருக்கும் ஒரே போன். காலையில் அப்பா வேலைக்குப் போகும்போது அதுவும் கூடவே போய்விடும். 2021 ஜனவரியில் 9.69 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு நாளொன்றுக்கு 2 ஜி.பி. டேட்டா இலவசம் என்று தமிழ்நாடு அரசு அறிவித்தது. நல்ல காரியம். சிம் வந்தது, அதைப் போட போன்?

இது வறுமை, எல்லா ஏழைக்கும் பொதுவானது என்பார்கள். சரி, சாதிக்கு வருவோம்.

'கேமராவை ஆன் பண்ணு' என்பது அந்தக் காலத்தில் ஆசிரியர்கள் அடிக்கடி சொன்ன கட்டளை. ஒழுங்குக்காகச் சொன்னார்கள். கேமராவை ஆன் செய்தால் பின்னால் தெரிவது வீடு. ஊர்த்தெருவில் மாடி வீட்டில் உட்கார்ந்திருப்பவரும் சேரியில் தார்ப்பாய் போர்த்திய கூரைக்குக் கீழ் உட்கார்ந்திருப்பவரும் ஒரே திரையில் பக்கத்துப் பக்கத்துச் சதுரமாக வருவார்கள். கல்லூரிக்கு வந்தால் துவைத்துத் தேய்த்த சட்டையில் தன் தெருவை மறைத்துக்கொள்ள முடிந்த மாணவருக்கு, இணைய வகுப்பு அந்த மறைவையும் பறித்தது. கேமராவை அணைத்து வைத்தவருக்கு வருகைப்பதிவு இல்லை என்றார்கள். ஏன் அணைத்து வைத்தாய் என்று ஒருவரும் தனியாகக் கூப்பிட்டுக் கேட்கவில்லை.

அடுத்தது, வகுப்பு வாட்ஸ்அப் குழு. நான் பாடம் எடுத்த ஒரு கல்லூரியில் நடந்தது: கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க வேண்டிய ஆதிதிராவிட மாணவர்களின் பெயர்ப் பட்டியலை, 'சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ் உடனே சமர்ப்பிக்கவும்' என்ற குறிப்புடன் பி.டி.எஃப். ஆக வகுப்புக் குழுவில் போட்டார்கள். அறுபது பேர் உள்ள குழு. பதினான்கு பெயர்கள். அதுவரை யார் என்ன சாதி என்று தெரியாமல் ஒன்றாகச் சாப்பிட்டவர்களுக்கும் அன்று மாலைக்குள் தெரிந்துவிட்டது. போட்டவர் கெட்டவர் இல்லை; கடைசித் தேதி தவறி யாருக்கும் பணம் போய்விடக் கூடாது என்ற அவசரம் அவருக்கு. ஆனால் 2012-ஆம் ஆண்டின் ஒழுங்குமுறை தடுத்ததும் இதைத்தான். வகுப்பில் வாயால் சாதிப் பெயரைச் சொல்லியிருந்தால் காற்றோடு போயிருக்கும். பி.டி.எஃப். அறுபது போன்களில் சேமிக்கப்பட்டு இருக்கிறது. பதினான்கு பேருக்கும் தனித்தனியாகச் செய்தி அனுப்பப் பத்து நிமிடம் ஆகியிருக்கும். இதைச் சொல்லிக்கொடுப்பதுதான் இணையவழிக் கற்பித்தலில் பயிற்சி என்று நான் நினைக்கிறேன். அதற்கு மென்பொருள் நிபுணர் தேவையில்லை. அந்தப் பட்டியலில் ஒருமுறை பெயர் வந்த ஒருவர் போதும்.

சாதித் தலைவரின் படத்தை முகப்புப் படமாக வைத்துக்கொண்டு வகுப்பில் நுழையும் மாணவரை என்ன செய்வது? குழுவில் ஒருவர் சாதிப் பெருமைப் பாட்டைப் போட்டால், குழுவின் நிர்வாகியாக இருக்கும் ஆசிரியர் என்ன செய்ய வேண்டும்? பெரும்பாலும் மௌனம்தான் பதில். அந்த மௌனத்தை மாணவர்கள் இரு தரப்பிலும் சரியாகவே புரிந்துகொள்கிறார்கள்.

2021 ஏப்ரலில் கரக்பூர் ஐ.ஐ.டி.யில் நடந்தது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். பட்டியலின, பழங்குடி, மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கான ஆயத்த வகுப்பு, இணையவழியில். பாடம் எடுத்த பேராசிரியர் மாணவர்களைக் கெட்ட வார்த்தையால் திட்டினார். காணொளி வெளியே வந்தது, கொதித்தோம், பிறகு அவர் இடைநீக்கம் செய்யப்பட்டார். அந்த வகுப்பு இணையத்தில் நடந்ததால்தான் சாட்சி கிடைத்தது. நான்கு சுவருக்குள் நடந்திருந்தால் மாணவர்களின் வாய்மொழிக்கு எதிராகப் பேராசிரியரின் வாய்மொழி. முடிவு என்னவாக இருந்திருக்கும்? அந்தப் பேராசிரியரும் ஐ.ஐ.டி. ஆசிரியராக எத்தனையோ படிகளைத் தாண்டி வந்தவர்தான். அந்தப் படிகளில் ஒன்றில்கூட இந்தக் கேள்வி அவர் முன் வைக்கப்படவில்லை என்றால், பிரச்சினை ஒருவரின் நாக்கோடு நிற்கவில்லை.

கடைமடைக்குத் தண்ணீர் வருவதில்லை

மேட்டூரில் தண்ணீர் திறந்துவிட்டார்கள் என்று செய்தி வரும்போது எங்கள் ஊரில் யாரும் துள்ளிக் குதிப்பதில்லை. கல்லணைக் கால்வாயின் கடைசியில் இருப்பவர்களுக்குத் தெரியும், மேலே மடை திறந்தவர்களெல்லாம் வாங்கிய பிறகு மிச்சம்தான் நமக்கு என்று. சில ஆண்டுகளில் அந்த மிச்சமும் வராது. ஏட்டில் மட்டும் பேராவூரணி வட்டம் பாசனம் பெறும் பகுதி.

ஆசிரியர் பயிற்சியும் இப்படித்தான் பாய்கிறது. எங்களுக்கு அருகிலுள்ள மையம் திருச்சியில் பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில், சுமார் நூறு கிலோமீட்டர் தள்ளி. பயிற்சி எதற்காக? யு.ஜி.சி.யின் 2018 ஒழுங்குமுறைப்படி ஓர் உதவிப் பேராசிரியர் அடுத்த நிலைக்குப் போக அறிமுகப் பயிற்சியும் புத்தொளிப் பயிற்சியும் முடித்திருக்க வேண்டும். அதாவது பயிற்சியின் பயன் வகுப்பறையில் அளக்கப்படுவதில்லை. பதவி உயர்வுக் கோப்பில் அளக்கப்படுகிறது. கேமராவை அணைத்துவிட்டு, மைக்கை அணைத்துவிட்டு, சமையலறையில் ஒரு கையும் காதில் ஒரு இயர்போனுமாகப் பயிற்சியை முடித்தாலும் சான்றிதழ் வந்துவிடும். மாணவர் கேமராவை அணைத்தால் வருகைப்பதிவு கிடையாது; ஆசிரியர் அணைத்தால் சான்றிதழ் உண்டு!

சரி, பதவி உயர்வே இல்லாதவர்கள்? தமிழ்நாட்டு அரசு கலை அறிவியல் கல்லூரிகளில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்டோர் கௌரவ விரிவுரையாளர்கள். ஆண்டுக்கு 11 மாதச் சம்பளம். நிரந்தரப் பணி இல்லை, எனவே பதவி உயர்வு இல்லை, எனவே இந்தப் பயிற்சியால் அவர்களுக்கு ஆகப்போவது எதுவும் இல்லை. மாவட்டத் தலைநகரத்தில் இருந்து தள்ளித் தள்ளிப் போகப் போக, வகுப்பறையில் நிற்பவர் கௌரவ விரிவுரையாளராக இருப்பதற்கான வாய்ப்பு கூடிக்கொண்டே போகிறது. அவர் முன்னால் உட்கார்ந்திருப்பவரோ, பேராவூரணி, சேதுபாவாசத்திரம் பக்கத்துக் கிராமங்களிலிருந்து முதல் பேருந்து பிடித்து வரும் முதல் தலைமுறை மாணவர். எங்கே பயிற்சி அதிகம் தேவையோ அங்கே அது போய்ச் சேருவதில்லை. மடை அடைபட்டிருக்கிறது.

மாணவரைக் கல்லூரி வாசல் வரை கொண்டுவர இந்த மாநிலம் செய்ததைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். 2021-22 கணக்கில் உயர்கல்விச் சேர்க்கை விகிதம் இந்தியாவுக்கு 28.4, தமிழ்நாட்டுக்கு 47. மகளிருக்குப் பேருந்துக் கட்டணம் இல்லை. 2022 முதல், இதே காவிரி மண்ணின் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரிலான புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய். 2024 முதல் தமிழ்ப் புதல்வன். இவையெல்லாம் நம் அம்மாக்களும் அப்பாக்களும் போராடி வாங்கிய உரிமைகளின் தொடர்ச்சி. ஆனால் ஆயிரம் ரூபாய் வாங்கிக்கொண்டு வகுப்புக்குள் நுழையும் பெண்ணைப் பார்த்து, 'அரசாங்கம் சும்மா குடுக்குது, படிக்கவா வர்றீங்க?' என்று ஓர் ஆசிரியர் கேட்டால், வாசல் வரை வந்த அத்தனை திட்டமும் அந்த ஒரு வாக்கியத்தில் செத்துப்போகும்.

"எனக்கு எல்லா மாணவரும் ஒன்றுதான்"

இந்த இடத்தில் வழக்கமாக ஒரு மறுப்பு வரும். நல்ல ஆசிரியர்களிடமிருந்தும் வரும். 'நான் யாருடைய சாதியையும் கேட்டதில்லை. எனக்கு எல்லா மாணவரும் ஒன்றுதான். நீங்கள் பயிற்சி என்ற பெயரில் சாதியை வகுப்பறைக்குள் கொண்டுவராதீர்கள்.'

அண்ணல் அம்பேத்கர் பம்பாயில் எல்பின்ஸ்டன் உயர்நிலைப் பள்ளியில் படித்தபோது நடந்ததை அவருடைய வாழ்க்கை வரலாற்றில் படித்திருப்பீர்கள். கணக்குப் போட ஆசிரியர் அவரைக் கரும்பலகைக்கு அழைத்தார். பலகைக்குப் பின்னால் மற்ற மாணவர்களின் சாப்பாட்டு டப்பாக்கள் இருந்தன. அவர் பலகையைத் தொடுவதற்குள் வகுப்பே எழுந்து ஓடி, டப்பாக்களை அப்புறப்படுத்தியது.

அந்த ஆசிரியர் சமமாகத்தான் நடத்தினார். சாதி பார்க்காமல் மாணவரைப் பலகைக்கு அழைத்தார். ஆனால் ஆசிரியர் சமமாக நடத்தினால் வகுப்பு சமமாகிவிடாது என்று அந்த ஒரு நிமிடம் காட்டிவிட்டது. டப்பாக்கள் எங்கே இருக்கின்றன என்று அறிந்திருப்பதும், வகுப்பு எழுந்து ஓடும்போது என்ன சொல்ல வேண்டும் என்று தெரிந்திருப்பதும், ஓடி முடித்த வகுப்பின் முன்னால் சாக்கட்டியோடு நிற்கும் மாணவரிடம் எப்படிப் பேசுவது என்று தெரிந்திருப்பதும் தானாக வராது. பழக வேண்டும். அதற்குத்தான் பயிற்சி.

ஆசிரியர் அறையும் இதற்கு விலக்கில்லை. 1918-ல் சிடனம் கல்லூரியில் பேராசிரியராகச் சேர்ந்த அம்பேத்கர், ஆசிரியர் அறையின் தண்ணீர்ப் பானையைத் தொடுவதைச் சக பேராசிரியர்கள் எதிர்த்தார்கள். இன்று பானை இல்லை, ஆர்.ஓ. இயந்திரம் இருக்கிறது. ஆனால் இட ஒதுக்கீட்டில் வந்தவர் யார் என்ற கிசுகிசுப்பு அதே அறையில் இருக்கிறது. அந்த அறையிலிருந்து எழுந்து வகுப்புக்குப் போகிறவர் அதை வாசலில் கழற்றி வைத்துவிட்டா போகிறார்? கலை அறிவியல் கல்லூரிகளில் நூற்றுக்கு 25 மதிப்பெண் அகமதிப்பீடு. அது முழுக்க அவர் கையில்தான் இருக்கிறது. டெல்லி எய்ம்ஸில் சாதிப் பாகுபாட்டை விசாரித்த தோரட் குழு 2007-ல் கொடுத்த அறிக்கையில், ஆசிரியர்களிடமிருந்து போதிய ஆதரவு கிடைக்கவில்லை என்றே பட்டியலின, பழங்குடி மாணவர்களில் பெரும்பாலோர் சொல்லியிருந்தார்கள். நாட்டின் தலைசிறந்த மருத்துவக் கல்லூரியின் நிலை அது.

சாதி நம் ஊர்ப் பிரச்சினை என்றும் ஒதுக்க முடியாது. அப்போது 23 வளாகங்கள் கொண்டிருந்த கலிபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகம் 2022 ஜனவரியில் தன் பாகுபாட்டு எதிர்ப்புக் கொள்கையில் 'சாதி' என்ற சொல்லைச் சேர்த்தது. அங்கே படிக்கப் போன தலித் மாணவர்கள் போராடித்தான் அது நடந்தது. கடல் கடந்தும் சாதி கூடவே போகும் என்று அங்கே ஒப்புக்கொள்கிறார்கள். சாதி பிறந்த மண்ணில் நடக்கும் ஆசிரியர் பயிற்சியில் அது 'சென்சிட்டிவான விஷயம்'.

நம் மரபில் ஆசிரியர் பயிற்சி வேறு மாதிரி இருந்தது என்பதையும் நினைவுபடுத்த வேண்டும். சாவித்திரிபாய் பூலே 1848-ல் பூனாவில் பெண்கள் பள்ளியில் பாடம் எடுத்தார். அகமதுநகரிலும் பூனாவிலும் ஆசிரியர் பயிற்சியும் பெற்றார். பள்ளிக்குப் போகும் வழியில் சாணியும் சேறும் வீசினார்கள் என்பதால் மாற்றுச் சேலை ஒன்றைக் கையோடு எடுத்துப் போனார். பிள்ளைகள் இடையில் நின்றுவிடாமல் இருக்க உதவித்தொகை கொடுத்தார்கள் பூலே தம்பதியினர். யார் வகுப்புக்கு வரவில்லை, ஏன் வரவில்லை, வரவைக்க என்ன வேண்டும் என்ற கேள்வியிலிருந்து தொடங்கிய கற்பித்தல் அது. 'உள்ளடக்கிய கல்வி' என்ற சொல் வருவதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்பே அதைச் செய்துகாட்டியவர்கள் நம்மவர்கள். அந்தப் பெயர்கள் பயிற்சிக் கையேட்டின் முதல் பக்கத்தில் இருக்க வேண்டியவை.

என்ன கேட்க வேண்டும்?

நாங்குநேரியில் 2023 ஆகஸ்டில் சக மாணவர்களே ஒரு தலித் மாணவரை வீடு புகுந்து வெட்டினார்கள். அதன் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, பள்ளி, கல்லூரி மாணவர்களிடையே சாதி உணர்வைக் களைவது பற்றி 2024 ஜூனில் 600 பக்கங்களுக்கு மேல் அறிக்கை கொடுத்தது. ஆசிரியர்களுக்குச் சாதிப் பாகுபாடு உள்ளிட்ட சமூகப் பிரச்சினைகள் பற்றியும் சட்டங்கள் பற்றியும் ஆண்டுதோறும் கட்டாயப் பயிற்சி வேண்டும் என்பது அதன் பரிந்துரைகளில் ஒன்று. மாணவர் கையில் கட்டும் கயிற்றைப் பற்றி ஊடகங்களில் வாரக்கணக்கில் விவாதித்தார்கள். ஆசிரியர் பயிற்சி பற்றிய பரிந்துரை பேசப்படாமலே போனது.

அதைப் பேச வைக்க வேண்டும். டெல்லியிலிருந்து திறந்துவிடும்வரை காத்திருக்கத் தேவையில்லை. தமிழ்நாடு மாநில உயர்கல்வி மன்றம் இருக்கிறது. நான் முதல்வன் திட்டத்துக்காகக் கல்லூரி ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுக்க இந்த அரசு இயந்திரத்தால் முடிந்திருக்கிறது. வேலைவாய்ப்புத் திறனுக்கு முடிந்தது சுயமரியாதைக்கு முடியாதா?

நான் கேட்பது இவ்வளவுதான். ஒன்று, பயிற்சியின் முதல் நாளில் 2012 ஒழுங்குமுறையை வாசித்து, உண்மையில் நடந்த சம்பவங்களை வைத்து விவாதிக்க வேண்டும். இரண்டு, பயிற்றுநர்களில் தலித், பழங்குடி ஆய்வாளர்களும் முன்னாள் மாணவர்களும் இருக்க வேண்டும், உரிய ஊதியத்தோடு. நம் வலியை இலவசமாக எடுத்துச் சொல்லிக்கொண்டே இருக்க முடியாது. மூன்று, கௌரவ விரிவுரையாளர்களுக்கும் பயிற்சி, சம்பளத்தோடு கூடிய நாட்களில், பட்டுக்கோட்டையிலும் மன்னார்குடியிலும் பேராவூரணியிலும், தமிழில். நான்கு, இணையவழி வகுப்புக்கான குறைந்தபட்ச நெறிமுறை: உதவித்தொகைப் பட்டியலைக் குழுவில் போடக் கூடாது, கேமரா கட்டாயமில்லை, பாடத்தைக் குறைந்த டேட்டாவில் கேட்கும் ஒலிப்பதிவாகவும் கொடுக்க வேண்டும், குழுவில் சாதிப் பெருமை வந்தால் அன்றே நிர்வாகி பதில் சொல்ல வேண்டும். ஐந்து, பயிற்சி முடிந்து ஓராண்டு கழித்து அந்தத் துறையின் அகமதிப்பீட்டையும் இடைநிற்றலையும் சமூகப் பிரிவுவாரியாக, பெயர்கள் இல்லாமல், கல்லூரி வெளியிட வேண்டும். மாற்றம் இருந்தால் அதில் தெரியும். சான்றிதழில் தெரியாது.

இதனால் சாதி ஒழிந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. பத்து நாள் பயிற்சியில் பத்து தலைமுறைப் பழக்கம் போகாது. ஆனால் 'எனக்குத் தெரியாமல் நடந்துவிட்டது' என்று இனி எந்த ஆசிரியரும் சொல்ல முடியாமல் போகும். அது சிறிய விஷயம் இல்லை. தெரியாது என்ற அந்த ஒரு சொல்லுக்குப் பின்னால்தான் இத்தனை ஆண்டுகளாக எல்லோரும் ஒளிந்துகொள்கிறார்கள்.

இதைப் படிக்கும் உங்களில் பலர் மாணவர்கள், சிலர் ஆய்வாளர்கள், சிலர் கௌரவ விரிவுரையாளர்கள். இந்த வாரம் செய்யக்கூடிய ஒரு காரியம் உண்டு. 2012 ஒழுங்குமுறைப்படி உங்கள் கல்லூரியில் சம வாய்ப்புப் பிரிவும் பாகுபாடு தடுப்பு அலுவலர் ஒருவரும் இருக்க வேண்டும். அவர் யார் என்று அலுவலகத்தில் கேளுங்கள். பதில் இல்லை என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டி எழுதிக் கேளுங்கள். கூடவே இன்னொரு கேள்வி: கடந்த ஐந்து ஆண்டுகளில் இந்தக் கல்லூரியின் ஆசிரியர்கள் எத்தனை பேர் சாதிப் பாகுபாடு பற்றிப் பயிற்சி பெற்றிருக்கிறார்கள்? வரும் பதில்களைத் திரட்டுவோம். கடைமடையில் இருப்பவர்கள் மடை திறக்க வேண்டும் என்று கேட்காமல் ஒருபோதும் தண்ணீர் வாங்கியதில்லை.